கூலி உயர்ந்தால் வேலை குறையுமா?

குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். அரசு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும்போதெல்லாம் தொழிலாளிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனி பீஸ் ரேட்டை உயர்த்தாதபோது கூடுதல் கூலியை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? ஆட்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா? கல்லூரியில் படித்த பொருளாதாரமும் இதைத்தானே சொன்னது?
— பவர் டேபிள் உரிமையாளர், திருப்பூர்

பதில்: கல்லூரியில் படித்ததிலிருந்து தொடங்குவோம். ஒரு பொருளின் விலை ஏறினால் அதை வாங்குவது குறையும். உழைப்பும் சந்தையில் விலைக்கு வருவதுதான். எனவே அதன் விலையைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலைக்கு ஆள் எடுப்பது குறையும் என்பது பாடநூல் வாதம். நெடுங்காலம் பெரும்பாலான பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்க்கவே தேவையில்லாத உண்மையாகக் கொண்டிருந்தார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் ஆகிய இரு பொருளியலாளர்கள் எல்லையின் இருபுறமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளிடம் உயர்வுக்கு முன்பும் பின்பும் கேட்டறிந்து, நியூஜெர்சியில் வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 1994இல் வெளியிட்டார்கள். சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆயினும் 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 உயர்வுகளை ஒருசேர ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, பழைய குறைந்த கூலியில் இருந்த வேலைகள் எவ்வளவு மறைந்தனவோ ஏறத்தாழ அவ்வளவு வேலைகள் புதிய கூலியிலும் அதற்குச் சற்று மேலும் தோன்றியிருந்ததைக் காட்டியது. ஜெர்மனி 2015இல் முதன்முறையாக நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று அறிவித்தபோது பல லட்சம் வேலைகள் போய்விடும் என்று எச்சரித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. குறைந்த கூலி வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் சிறிய, திறன் குறைந்த நிறுவனங்களிலிருந்து மேலான நிறுவனங்களுக்கு மாறினார்கள்.

பாடநூல் கணக்கு ஏன் பிசகியது என்றால், கூலியைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, முதலாளிக்கு அதில் கையில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் கூலியைச் சொல்கிறவர் பெரும்பாலும் வேலை கொடுப்பவர்தான். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தொலைவுக்குப் போக முடியாத பெண்ணுக்கும், முன்பணம் வாங்கியவருக்கும், நிறுவனத்தின் விடுதியிலேயே தங்கியிருப்பவருக்கும் வேறு கம்பெனியில் விசாரிப்பது எளிதல்ல. இத்தகைய சந்தையில் கூலி தொழிலாளியின் உழைப்பு ஈட்டித் தருவதைவிடக் கீழேயே நிற்கும். அந்தக் கூலிக்கு வரச் சம்மதிப்பவர்களும் குறைவாகவே இருப்பார்கள். 1933லேயே பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இதை விளக்கிவிட்டார். அங்கே கூலியை ஓரளவு உயர்த்தினால் முதலாளியின் இலாபம் குறையுமே தவிர வேலை குறைய வேண்டியதில்லை. வரத் தயங்கியவர்களும் வேலைக்கு வருவார்கள். திருப்பூரில் டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை என்ற அறிவிப்புகள் ஆண்டு முழுவதும் தொங்குகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களை வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லும் ஊரில், கூலியை உயர்த்தினால் ஆட்கள் மிஞ்சிப்போவார்கள் என்ற வாதம் எனக்கு வலுவானதாகத் தோன்றவில்லை.

ஆனால் உங்கள் கவலையின் மறுபாதிக்கு ஆதாரம் உண்டு. ஹங்கேரி 2001, 2002 ஆகிய இரண்டே ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அதை ஆராய்ந்தவர்கள், கூடுதல் செலவில் முக்கால் பங்கை விலை வழியாக நுகர்வோரும் கால் பங்கை உரிமையாளர்களும் ஏற்றார்கள் என்று கண்டார்கள்; மொத்தத்தில் வேலையிழப்பு சிறிதுதான், ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் போட்டியிட்ட, விலையை ஏற்ற முடியாத தொழில்களில் அது கூடுதலாக இருந்தது. பின்னலாடை அப்படிப்பட்ட தொழில்தான். ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: வங்கதேசமே ஆடைத் தொழிலாளருக்கான மாத ஊதியத்தை 2013இல் 3,000 டாகாவிலிருந்து 5,300 ஆகவும், 2018இல் 8,000 ஆகவும், 2023இல் 12,500 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. 2013 உயர்வுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் ஆடை ஏற்றுமதி வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

வெளிநாட்டுக் கடையில் ஓர் உள்ளாடைக்குக் கொடுக்கும் விலையில் தைத்தவரின் கூலி மிகச் சிறிய பங்கு. அதை உயர்த்த இடமில்லை என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் உங்களைப் பொறுத்தவரை உண்மை. ஆடையை வாங்கி விற்கும் பெரிய நிறுவனத்தைப் பொறுத்தவரை உண்மையல்ல. எனவே உயர்வு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே நாளில் பொருந்த வேண்டும். ஜாப் ஒர்க் கட்டணமும் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் அவர் ஆர்டரை இழப்பார். எல்லோரும் கொடுத்தாக வேண்டும் என்றால் ஆர்டர் தருபவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே விலை பேசுவார். தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2014இல் வந்த அறிவிக்கை வழக்குகளில் சிக்கி, 2016இல் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்ன பிறகே உறுதிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தொழிலாளிக்குக் கூலியும் கிடைக்கவில்லை, உங்களைப் போன்றவர்களுக்குத் திட்டமிடவும் வழியில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் இரு தரப்புக்கும் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

கேள்வி: கூலியை ஏற்றினால் விலைவாசி ஏறும், ஏறிய கூலியை விலைவாசி விழுங்கிவிடும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரியா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: விலை ஏறும், விழுங்கிவிடாது. குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்பவர்களின் கூலி ஒரு நாட்டின் மொத்த உற்பத்திச் செலவில் ஒரு பகுதிதான். இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பெரும்பாலும் அமெரிக்கச் சான்றுகளைக் கொண்டு, குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் உயர்ந்தால் உணவு விலை 4 சதவீதத்துக்கு மேலும் பொது விலைமட்டம் 0.4 சதவீதத்துக்கு மேலும் உயர்வதில்லை என்று மதிப்பிட்டது. 10 சதவீதம் கூடுதலாக வாங்குபவருக்கு இதற்குப் பிறகும் மீதம் உண்டு. அந்த மீதம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டால், உணவகத்தில் சாப்பிடுகிற, தைத்த ஆடை வாங்குகிற நம்மைப் போன்றவர்களிடமிருந்தும் உரிமையாளரின் இலாபத்திலிருந்தும் வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. மலிவாக நமக்குக் கிடைத்த ஒரு சேவையின் செலவை அதுவரை இன்னொருவரின் குடும்பம் தாங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: அப்படியானால் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று ஏன் ஒரே ஆணை போடக்கூடாது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம் என்பதே என் பதில். 1938இல் அமெரிக்கா முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 25 செண்டு என்று சட்டம் இயற்றியபோது, அதன் ஆளுகையில் இருந்த ஏழைத் தீவான போர்ட்டோ ரிக்கோவுக்கும் அதே தொகையை விதித்தது. அங்கே பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்த ஊசித் தையல் வேலைக்கு மணிக்குச் சில செண்டுகளே கிடைத்துவந்தன. அந்தத் தொழில் நிலைகுலைந்தது. 1940இல் சட்டத்தைத் திருத்தி, தீவுக்குத் தனிக் குழுக்கள் தொழில்வாரியாகக் கூலி நிர்ணயிக்க வழிசெய்தார்கள். உயர்வு நன்மை செய்யும் என்பதற்கு நான் மேலே சொன்ன சான்றுகள் எல்லாம், அந்தந்த ஊரின் கூலி வரிசையில் நடுவில் நிற்கும் தொழிலாளி வாங்குவதில் ஏறத்தாழ அறுபது சதவீதத்துக்குள் நின்ற ஊதியங்களைப் பற்றியவை. அந்த எல்லைக்கு வெகுதூரம் மேலே போனால் என்ன ஆகும் என்பதற்கு அவை உறுதி தர மாட்டா. சென்னையில் பொருந்தும் தொகை பீகாரின் ஒரு கிராமத்தில் பொருந்தாது.

ஆனால் இந்தியாவின் இன்றைய சிக்கல் தொகை அதிகமாக இருப்பது அல்ல. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள் (ஒரு பெரியவரின் தேவை ஓர் அலகு), ஆளுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் என்று கணக்கிட்டுக் கூலி வகுக்கச் சொன்னது. ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு இதேபோலத் தேவைகளை வைத்துக் கணக்கிட்டு, தேசிய அளவில் நாளொன்றுக்கு 375 ரூபாய் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் மத்திய அரசு, எந்த மாநிலமும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று சொல்லும் தேசிய அடித்தள ஊதியத்தை 176 ரூபாயிலிருந்து 178 ரூபாயாக உயர்த்தியது. இரண்டு ரூபாய் உயர்வு ஒரு தொழிலாளியை எவ்விதத்திலும் காக்காது. 1,000 ரூபாய் என்ற ஆணையைவிட, தாம் அமைத்த குழுவின் கணக்கை அரசுகள் மதித்து, மாநிலத்துக்கு ஏற்ப வகுத்து, ஆண்டுதோறும் விலைவாசியோடு உயர்த்துவது தொழிலாளிக்கு மிகுதியும் பயன்தரும்.

கேள்வி: நான்கு ஏக்கர் நெல் சாகுபடி செய்கிறேன். நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்ட கூலி கொடுக்க முடியவில்லை. கூலியை உயர்த்தச் சொல்பவர்கள் விவசாயியை நினைத்துப் பார்க்கிறார்களா?
— விவசாயி, மன்னார்குடி

பதில்: நினைத்துப் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இலிருந்தே விவசாயத்துக்கும் பொருந்தியது என்றாலும் வயலுக்குப் போய் அதைச் செயல்படுத்தியவர்கள் இல்லை. நடைமுறையில் கூலியின் அடித்தளத்தை உயர்த்தியது நீங்கள் குறிப்பிடும் வேலைத் திட்டம்தான். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே மிகப் பெரிய சோதனை நடந்தது. ஒன்றுபட்ட ஆந்திராவில் இத்திட்டத்தின் கூலியைக் கையாடலும் தாமதமும் இல்லாமல் வழங்க அடையாள அட்டை முறையைக் கொண்டுவந்தபோது, எந்த மண்டலங்களில் முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர் இதை ஆராய்ந்தபோது, திட்டம் செம்மையான இடங்களில் ஏழைக் குடும்பங்களின் சம்பாத்தியம் சுமார் 14 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த உயர்வில் 86 சதவீதம் திட்டத்திலிருந்து வரவில்லை, தனியார் வேலையில் கூலி ஏறியதால் வந்தது. தனியாரிடம் செய்த வேலையின் அளவும் குறையவில்லை, கூடியது. வேறு வழி உண்டு என்ற நிலை வந்ததும் தொழிலாளியால் பேரம் பேச முடிந்தது என்பதே இதன் பொருள்.

பேரம் பேச முடியாத காலம் எப்படி இருந்தது என்பதை உங்கள் மாவட்டத்தை ஒட்டிய பகுதிகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகே 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல்லை அளந்து கொடுத்த கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு இப்படி ஒரு விலை கொடுத்த மண்ணில், கூலியைச் சந்தை தானாகத் தீர்மானித்தது என்று எழுத என் கை வராது.

இனி உங்கள் நிலை. நான்கு ஏக்கர் விவசாயி நெல்லின் விலையைத் தானே ஏற்ற முடியாது. நேரடி கொள்முதல் நிலையத்தில் அரசு சொன்னதுதான் விலை. திருப்பூர் யூனிட் உரிமையாளரின் நிலைக்கு இது நெருக்கமானது. கூலி ஏறும்போது குறைந்தபட்ச ஆதரவு விலையும் அதே வேகத்தில் ஏறாவிட்டால் இடைவெளி உங்கள் தலையில் விழும். ஆகவே விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் எதிரி என்று வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2018–19க்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலியிலும் சம்பளத்திலும் வந்தது 4,063. நிலம் வைத்திருப்பவர்களின் வீட்டிலேயே பயிரைவிடக் கூலி கூடுதலாகச் சோறு போடுகிறது. கூலியைக் கீழே வைத்திருந்தால் அந்தக் குடும்பங்களும் சேர்ந்தே தாழும். நீங்கள் கேட்க வேண்டியதும் நாங்கள் எழுத வேண்டியதும் கொள்முதல் விலையைப் பற்றி. நடவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் சிறு விவசாயிக்குத் தாங்கக்கூடிய வாடகையில் கிடைக்கச் செய்வதைப் பற்றி.

கேள்வி: இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் என்று வாங்கியது பெரிய வெற்றி என்றார்கள். அது ஏன் நிலைக்கவில்லை?
— வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டு காரணங்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபை வழியாக 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் படியும் சேர்ந்து நாட்சம்பளம் 1,000 ஆனது. அதற்கு முன் கூட்டு ஒப்பந்தத்தில் பேசித் தீர்த்துவந்த கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்தின் அளவைக் கூட்டியதாகவும், அளவு குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதாகவும், வேலை நாட்களைக் குறைத்ததாகவும் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். நாட்சம்பளத்தை மட்டும் நிர்ணயித்து, எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை நாள் என்பதைக் கம்பனியின் விருப்பத்துக்கு விட்டால் உயர்வு வேறு வாசல் வழியாக வெளியேறும்.

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியது. உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. பல ஆண்டுகள் போராடிப் பெற்ற 1,000 ரூபாய் ஒன்றரை ஆண்டிலேயே தன் மதிப்பில் கணிசமான பங்கை இழந்தது. 2024இல் 1,350 ரூபாயும் அதன்மேல் உற்பத்திக் கொடுப்பனவாக 350 ரூபாயும் என்று அறிவிக்கும்வரை அந்த ஆயிரத்தை வைத்தே மலையகக் குடும்பங்கள் காலம் தள்ளின. ஒரு தொகையைக் கோஷமாக்கிப் போராடுவது மக்களைத் திரட்ட உதவும். சட்டத்தில் எழுதும்போது தொகையோடு விலைவாசிச் சுட்டெண்ணையும் சேர்த்து எழுதியாக வேண்டும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சென்னையின் நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டிய பஞ்சப்படி ஏப்ரல்தோறும் சேர்க்கப்படுகிறது. எளிய ஏற்பாடு, ஆனால் மலையகத்தில் அது இல்லாததன் விலை மிகப் பெரியது.

கேள்வி: ஒரு மருத்துவமனையில் ஒப்பந்த நிறுவனம் வழியாகத் துப்புரவுப் பணி செய்கிறேன். கையெழுத்து வாங்குவது ஒரு தொகைக்கு, கையில் கொடுப்பது வேறு தொகை. எங்களைப் போன்றவர்களுக்கு நீங்கள் எழுதும் உயர்வினால் என்ன பயன்?
— பெண் தொழிலாளர், சென்னை

பதில்: அம்மா, சட்டத்தில் உள்ளது கைக்கு வராதபோது மேலே சொன்ன எந்த விளைவும், நல்லதோ கெட்டதோ, நிகழ்வதில்லை. மூன்று கூலித் தொழிலாளரில் ஒருவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று மத்திய அரசின் 2018–19 பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. அப்படி விடுபட்டவை துப்புரவு, வீட்டுவேலை, வயல்வேலை போன்று பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதியாகச் செய்யும் வேலைகள். அமெரிக்காவில் 1966இல் சட்டத்தை விவசாயம், உணவகம், முதியோர் இல்லம் ஆகியவற்றுக்கு விரித்தபோது, அதுவரை விலக்கி வைக்கப்பட்டிருந்த அந்த வேலைகளில் கறுப்பினத்தவர் நிறைந்திருந்தார்கள்; அதற்கடுத்த ஆண்டுகளில் கறுப்பர்–வெள்ளையர் வருமான இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த விரிவாக்கத்தால் வந்தது என்று பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரை விட்டுவைக்கிறோம் என்பது எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதற்குச் சமமான கேள்வி.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலும், 1983இல் ராஜஸ்தான் வறட்சி நிவாரணப் பணி வழக்கிலும் தீர்ப்பளித்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த உரிமையை எல்லா வேலைகளுக்கும் ஆக்கியிருக்கிறது. முன்பு ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்றிருந்தது இப்போது மூன்று ஆண்டுகள். குறைவாகக் கொடுத்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். எல்லாவற்றிலும் உங்களுக்கு முக்கியமானது, கூலி கொடுத்ததை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது; ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் மருத்துவமனையும் பொறுப்பேற்க வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம். உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து, சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாக, தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு தருவது சட்டப்படி கட்டாயம், அதைக் கேளுங்கள். தராவிட்டால், கையில் வாங்கிய தேதியையும் தொகையையும் இந்த மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வங்கிக் கணக்கில் வந்தால் பாஸ்புக்கைப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் கையெழுத்திட்ட தொகை எவ்வளவு, பெற்ற தொகை எவ்வளவு என்பதை மாதவாரியாகக் குறிப்பிட்டால் அதிகாரியால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.